இடுப்பில் பிள்ளை வேண்டாம்

மகளுக்கு ஐந்து மாதமாக இருக்கும்போது என் நாரி பிடித்துக்கொண்டது. முதுகின் அடிப்பகுதியை எங்கள் யாழ்ப்பாணத்தில் நாரி என்போம். அவளை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு, நனைந்த நாப்பித் துணிகள் கிடந்த வாளியை வலக்கையால் தூக்கினேன். நிமிர முடியவில்லை. பிள்ளை விழுந்துவிடக் கூடாதே என்று சுவரோடு சரிந்து, மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்தேன். அவள் அதை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள்.

அப்போது நாங்கள் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், த்ரீ கிங்ஸ் பகுதியில் வாடகை வீட்டில் இருந்தோம். கணவருக்கு விரி என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியுமுன் போனால் பின்னேரம்தான் வருவார். ஊர் நிலைமையில் அம்மாவால் வர முடியவில்லை. ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றார் டொக்டர். சரியாகவில்லை. மாதங்கள் போயின. பிள்ளை அழுதுகொண்டு இரண்டு கைகளையும் மேலே தூக்குவாள். அவளைத் தூக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

முதலில் ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்டிடம் போனேன். வெள்ளைக்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். குப்புறப் படுக்கவைத்து, முள்ளந்தண்டின் ஒவ்வோர் எலும்பாக இரண்டு பெருவிரல்களாலும் அழுத்திக்கொண்டு வந்தாள். நோகும் இடம் வந்ததும் நான் சொல்வதற்கு முன்பே அவளுடைய விரல்கள் நின்றுவிடும். எழும்பும்போது உடம்பு இளகியிருக்கும். பஸ்ஸில் வீடு வந்து சேருமுன் பழையபடி இறுகிவிடும்.

ஒருநாள் ஒரு துவாய்த் துண்டைப் பிள்ளைபோலச் சுருட்டி என்னிடம் தந்து, வீட்டில் பிள்ளையை எப்படித் தூக்குகிறாய், காட்டு என்றாள். நான் யோசிக்கவே இல்லை. இடது இடுப்பை வெளியே தள்ளி, துவாயை அதில் இருத்தி, ஒரு கையால் அணைத்துக்கொண்டு நின்றேன். மற்றக் கை தானாகவே அடுப்பில் எதையோ கிண்டுவதுபோல நீண்டது. அவள் எனக்குப் பின்னால் போய் நின்று பார்த்தாள். நாள் முழுக்க இப்படியா என்று கேட்டாள். ஓம் என்றேன். இனி ஒருபோதும் இடுப்பில் வைக்காதே, தரையில் முழங்காலில் இருந்துகொள், பிள்ளை உன்னிடம் வரட்டும் என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

பக்கத்து வீட்டு மலேசியத் தமிழ் அக்கா அதைக் கேட்டுச் சிரித்தார்.

"இடுப்புல வைக்காம பிள்ளைய எங்க வைக்கிறதாம்? பிரிட்ஜ் மேலயா? எங்கம்மா எங்க எல்லாரையும் இடுப்புலதான் தூக்கினாங்க. சும்மா படு லா, நான் எண்ணெய் போட்டுத் தேய்க்கிறேன்."

இஞ்சி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் அது. அவருடைய உள்ளங்கை அகலமானது, சூடானது. தேய்க்கும்போது கதைத்துக்கொண்டே இருப்பார்.

"வலிக்குதா?"

"நோகுது அக்கா. ஆனா நிப்பாட்டாதேங்கோ."

அந்தக் கைகளின் கீழ் பலமுறை சத்தமில்லாமல் அழுதிருக்கிறேன். அக்கா தெரிந்தும் தெரியாததுபோல விலைவாசியைப் பற்றிப் பேசுவார். அன்றைக்கு நன்றாகத் தூங்குவேன். காலையில் நாரி நோ தன் இடத்திலேயே இருக்கும்.

பிறகு, எலும்பைச் சொடக்கிச் சரிசெய்யும் கைரோபிராக்டர். ஓர் ஆண் முதுகில் கை வைப்பதா என்ற கூச்சத்தில் கணவரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். கைரோபிராக்டர் என் சப்பாத்துகளைத் திருப்பிப் பார்த்து, இடது குதி கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது என்றார். பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமுமாகத் திருப்பி ஒரு தள்ளு. முதுகு சொடக்கென்றது.

"இஞ்சருமப்பா, கதிரையில இருந்த எனக்கே கேட்டுது," என்றார் கணவர் காரில். "எங்கட கார் கியர் மாத்தின மாதிரி. அதுக்கும் ஒருக்கா இவரிட்டக் காட்டுவமோ?"

நானும் சிரித்தேன். சிரிக்கும்போது நோகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த இரண்டு நாட்களும் ஒரு புது உடம்போடு நடந்தேன். மூன்றாம் நாள் தொட்டிலின் மேல் குனிந்தபோது திரும்ப வந்தது, முந்தியதைவிட மோசமாக. எலும்பு விலகியிருக்கிறது, வந்துகொண்டே இருக்க வேண்டும், பிள்ளையை இடுப்பில் வைக்கக் கூடாது என்றார் கைரோபிராக்டர்.

கையாலேயே வைத்தியம் செய்யும் ஒஸ்டியோபாத் என்று ஒரு வயதானவர் கடைசி. அவர் எதையும் சொடக்கவில்லை. நாரியின் கீழே ஒரு கையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். ஏதாவது செய்யமாட்டாரா என்று நான் காத்திருக்க, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே எதுவோ இளகியது. தசைகள் பயந்துபோய் எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்றார். எனக்கு அந்த விளக்கம்தான் பிடித்தது. நான் புறப்படும்போது அவரும், பிள்ளையை இடுப்பில் வைக்க வேண்டாம் என்றார்.

நோவுக்குக் காரணம் ஜவ்வு என்றாள் ஒருத்தி, எலும்பு என்றார் ஒருவர், தசை என்றார் இன்னொருவர். ஒருவர் செய்யச் சொன்ன பயிற்சியை மற்றவர் நிறுத்தச் சொன்னார். யாரை நம்புவது என்று அரிசி கழுவும்போதும் நாப்பி காயப்போடும்போதும் மனதுக்குள் வழக்கு நடக்கும். ஆனால் இடுப்பில் பிள்ளை வேண்டாம் என்பதில் மட்டும் மூவருக்கும் ஒரே பேச்சு. மூன்று படித்தவர்கள் சேர்ந்து சொன்னால் சரியாகத்தானே இருக்கும். பள்ளிக்கூடத்திலும் நான் ஆசிரியர் சொன்னதைச் செய்யும் பிள்ளைதான்.

அதனால் கேட்டு நடந்தேன். புஷ்சேர் வண்டியில் வைத்துத் தள்ளினேன். தரையில் உட்கார்ந்து வாயில் சோறு தீத்தினேன். அவள் கைகளைத் தூக்கும்போது முழங்காலில் இருந்து, "அம்மாவுக்கு நாரி நோகுது, குஞ்சு. நீங்கள் இஞ்ச வாங்கோ," என்பேன். தகப்பன் வந்தால் தோளில் ஏற்றிக்கொள்வார். அக்கா நெஞ்சோடு சாய்த்துக்கொள்வார். எனக்கு முன்னால் அவள் கைகளைத் தூக்குவது எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஒருநாள் கதவடியில் விழுந்தாள். நான் பக்கத்தில் நிற்கிறேன். அவள் என்னைத் தாண்டிப்போய் அக்காவிடம் கைகளை நீட்டினாள். "அம்மாகிட்ட போ லா," என்றார் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

நாரி நோ மெல்ல மெல்லக் குறைந்தது. எதனால் என்று இன்றும் தெரியாது. விரல்களாலா, சொடக்காலா, எண்ணெயாலா, அசையாத அந்தக் கையாலா, அல்லது தூக்காமல் விட்டதால்தானா? தூக்காமல் விட்டதால்தான் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். யாரும் சொல்லவில்லை.

அவளுக்கு மூன்று வயது. கிண்டர்கார்ட்டனிலிருந்து வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. அன்று புஷ்சேர் இல்லை. அவள் களைத்துப்போய் நின்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவளைத் தூக்கி இடது இடுப்பில் வைத்தேன்.

அவள் இடுப்பில் அமரவில்லை. அந்த வயதுக்கு ஊரில் எந்தப் பிள்ளையும் ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் போட்டுத் தாயின் இடுப்பைக் கவ்விக்கொள்ளும். யாரும் பழக்குவதில்லை. இவளுடைய கால்கள் இரண்டும் நேராக, பலகை மாதிரித் தொங்கின. ஒரு காலைப் பிடித்துப் பின்னால் விட்டேன். அது திரும்பவும் முன்னுக்கு வந்து தொங்கியது. வழுக்கி வழுக்கிக் கீழே போனாள்.

"டவுன், அம்மா," என்றாள் பொறுமையாக. "உங்களுக்கு நோகும்."

இறக்கிவிட்டேன். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வீடு வரும்வரை நோ வருகிறதா என்று கவனித்துக்கொண்டே வந்தேன். நாரி கொஞ்சமும் நோகவில்லை.