செபஸ்தியம்மா அவித்த இலை

ஊர்காவற்றுறையில் நண்டு உடைக்கும் கொம்பனியில் செபஸ்தியம்மா பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். அவித்த நண்டின் ஓட்டைக் கழற்றிச் சதை எடுக்கும் வேலை. ஒருகாலத்தில் அந்த மேசையில் அவளுடைய சிரிப்புத்தான் பெரிதாகக் கேட்கும். மகன் மிரோஜன் இறந்தபிறகு அது அடங்கிப்போயிற்று.

மிரோஜனுக்குச் சின்ன வயதிலிருந்தே எலும்பைப் பிளக்கும் குத்து. வாதம் என்று எண்ணெய் பூசினார்கள், அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார்கள். பத்தொன்பது வயதில், மூச்சு எடுக்க முடியாமல் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகுதான் தங்கை அன்ரனிட்டாவின் இரத்தத்தைச் சோதித்து, என்ன நோயென்று கண்டுபிடித்தார்கள். இரத்தத்தின் சிவப்புக் கலங்கள் அரிவாள்போல வளைந்து, குழாய்களை அடைத்துவிடும். தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதியாகப் பிள்ளைக்கு வரும்.

"அப்ப நானும் குடுத்தனானோ?" என்று கேட்டாள் செபஸ்தியம்மா.

"ஓம்" என்றார் டொக்டர்.

நயினாதீவுக் கோயில் ஐயர் குடும்பத்துப் பெண் ராகவி, யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில், இந்த நோய்க்கு மூலிகைகளில் மருந்து தேடிக்கொண்டிருந்தாள். பரிசோதனைக்காக அன்ரனிட்டாவிடம் இடைக்கிடை கொஞ்சம் இரத்தம் கேட்டாள். மகளும் சம்மதித்தாள். தாயும் கூடவே பஸ்ஸில் போய்வருவாள்.

ஒருநாள் ராகவி சந்தோசம் தாங்காமல் கூப்பிட்டாள். "அன்ரி, இதுக்குள்ளை ஒருக்காப் பாருங்கோ."

நுணுக்குக்காட்டிக்குள் முதலில் தெரிந்த கலங்கள் ஒடுங்கி வளைந்து கிடந்தன. ராகவி இரத்தம் பூசிய கண்ணாடித் தகட்டை மாற்றினாள். இப்போது முக்கால்வாசியும் வட்டம் வட்டமாக இருந்தன.

"இதுவும் பிள்ளையின்ரை இரத்தமோ?"

"ஓம். இலைச்சாறு விட்டாப்பிறகு இப்பிடி."

"அப்ப குடுக்கலாந்தானே?"

"ஏலாது அன்ரி. கண்ணாடியிலை நடக்கிறது உடம்பிலை நடக்குமெண்டில்லை. ஈரலைக் கெடுக்குமோ தெரியாது. இன்னும் கன வருசம் பாக்கவேணும்."

"என்ன இலை பிள்ளை?"

"அதைச் சொல்லமாட்டன்."

சொல்லத் தேவையிருக்கவில்லை. மேசையில் இருந்த சாற்றுப் போத்தலிலிருந்து வந்த மணம் போதும். அவள் பிறந்த சரவணையில் வேலிக்கு வேலி முளைத்துக் கிடக்கும் செடி அது. கன வருசம் என்ற சொல்தான் அவளைத் தின்றது. மூச்சு முட்டத் தொடங்கியபிறகு மிரோஜனுக்கு ஒரு வாரம்கூடக் கிடைக்கவில்லை.

அந்த இலையைப் பறித்து அவித்து, இரத்தம் ஊற நல்லது என்று சொல்லித்தான் மகளுக்குக் கொடுத்தாள். கைத்தது. அன்ரனிட்டா மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தாள். முதல் கிழமை குத்தே வரவில்லை. சைக்கிளில் கோயிலுக்குப் போய்வந்தாள். பத்தாம் நாள் குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தாள். அவளுடைய கண்களில் எப்போதும் இலேசாக மஞ்சள் படிந்திருக்கும். அது கூடிவந்ததைத் தாய் கவனிக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் அவை மஞ்சளைக் கரைத்து ஊற்றியதுபோல் இருந்தன.

ஆசுப்பத்திரியில் டொக்டர் கேட்டார்: "நாட்டு மருந்து ஏதும் குடுத்தனீங்களோ?"

"இல்லை."

அடுத்தநாள் காலையில், மகளுக்கு நினைவு தப்பியபிறகு, அவளே போய்ச் சொன்னாள்: "குடுத்தனான்."

ஐந்து நாளில் அன்ரனிட்டா இறந்தாள். வயது இருபத்திரண்டு.

"இந்த இரத்த வருத்தமே ஈரலைக் கெடுக்கும் அம்மா. இலையாலைதான் எண்டு சொல்ல ஏலாது" என்றார் டொக்டர். கொஞ்சம் பொறுத்து, "இல்லையெண்டும் சொல்ல ஏலாது" என்றார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு செபஸ்தியம்மா தனியே யாழ்ப்பாணம் போனாள். ராகவி அவளைக் கண்டதும் அழுதாள். "நான் உங்களுக்குக் காட்டியிருக்கக் கூடாது அன்ரி."

செபஸ்தியம்மா அவளைத் தேற்றவுமில்லை, ஏசவுமில்லை. கதிரையை இழுத்து இருந்தாள்.

"எழுதும் பிள்ளை. ஒரு கைபிடி இலை. ரெண்டு தம்ளர் தண்ணியை ஒண்டாக வத்தவிட்டனான். காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. பதின்மூண்டு நாள்."

ராகவி எழுதினாள்.

"டொக்டர் கேக்கேக்கை முதல் நாள் பொய் சொன்னனான். ஒரு நாள் வீணாப் போச்சு. அதையும் எழுதும்."

ராகவியின் பேனை நின்றது. செபஸ்தியம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள், அதையும் எழுதி முடிக்கும்வரை.

அவள் திரும்பவும் நண்டு உடைக்கப் போகத் தொடங்கினாள். சில மாதத்துக்குப் பிறகு, பக்கத்து ஊர்ப் பெண்ணொருத்தி தன் பிள்ளைக்கும் அதே குத்து என்று வீடு தேடி வந்தாள். முதல் கிழமை அன்ரனிட்டா சைக்கிள் ஓடித் திரிந்த கதை அவளுக்கு எட்டியிருந்தது.

"என்ன இலை அக்கா?"

"பிள்ளையை இரத்தம் சோதிக்கக் கொண்டுபோம். இண்டைக்கே கொண்டுபோம்" என்றாள் செபஸ்தியம்மா. இலையின் பெயரை எத்தனை தரம் கேட்டும் சொல்லவில்லை.