நிமிடத்துக்கு மூன்று சொட்டு

என் அத்தை எந்தப் பொருளையும் முதலில் புறங்கையால்தான் தொடுவாள். டீ டம்ளர், இஸ்திரிப் பெட்டி, ரேடியோவின் முதுகு, காய்ச்சலில் கிடக்கும் என் நெற்றி, எதுவானாலும் சரி. பள்ளிக்கூட நாட்களில் ஒருமுறை காரணம் கேட்டேன்.

“உள்ளங்கை வேலை பாக்குற கைடி. அது சுட்டுக்கிட்டா நாளைக்கு ஊசி பிடிக்க முடியாது. புறங்கை சும்மாதானே கூட வருது. சுட்டா அதைச் சுடட்டும்.”

தையல் வேலையில் வந்த பழக்கம் என்றே பல வருடம் நினைத்திருந்தேன். அது படகில் வந்தது.

அத்தை, அப்பாவுக்கு அக்கா. படகுத்துறை அருகே ஒரு கடையில் இருபத்திரண்டு வருடம் படகுகளுக்குப் பாய் தைத்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், “அளவு எடுத்துப் பாத்தேன், ஒருத்தனும் சரியா வரல” என்பாள். என் தம்பி பிறந்தபோது எங்கள் இரண்டு அறை வீட்டில் அவள் படுப்பதற்கு மிஞ்சியது சமையலறைத் தரை மட்டும்தான். அடுத்த வருடம் கடையை மூடினார்கள். போகும்போது அவளுக்குக் கொடுக்க முதலாளியிடம் ஒரு பழைய பாய்மரப் படகைத் தவிர வேறெதுவும் இல்லை. அத்தை அதை வாங்கிக்கொண்டு அதிலேயே குடியேறினாள்.

“படகுல எப்படிக்கா இருப்ப?” என்று அப்பா கேட்டார்.

“உன் வீட்டுல இருந்த மாதிரிதான். குனிஞ்சு.”

இருபத்தாறு அடி நீளம். உள்ளே ஒரு படுக்கைப் பலகை, ஒரு ஸ்டவ், கையால் சுற்றும் தையல் மெஷின், பாத்திரம் கழுவ ஒரு வாளி. ஆனால் அதற்கு ஒரு கதவு இருந்தது. ஐம்பதாவது வயதில்தான் முதன்முதலாக அவளுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவு கிடைத்தது. பகலில்கூடச் சும்மா தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் போய்த் தட்டினால், “யாரு?” என்று கேட்பாள். வருவது நான்தான் என்று தெரியும். கேட்பதில் ஒரு ருசி.

படகுத்துறையில் ஒரு விதி உண்டு. அங்கே நிற்கும் ஒவ்வொரு படகும் வருடத்துக்கு ஒருமுறை, அதிகாரி உள்ளே உட்கார்ந்திருக்க, சொந்த இன்ஜினில் துறை வாயிலுள்ள அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். முடியாத படகு செத்த படகு. இடத்தைக் காலி செய்ய வேண்டும். அத்தைக்கு வருடத்தில் பயப்படும் நாள் அது ஒன்றுதான். பயம் முழுக்க ஒரே இடத்தைப் பற்றித்தான்.

இன்ஜினிலிருந்து, தண்ணீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறிக்குப் போகும் இரும்புத் தண்டான ஷாஃப்ட், படகின் உடம்பைத் துளைத்துக்கொண்டு கடலுக்குள் போகிறது. துளை வழியே தண்ணீர் ஏறாமலிருக்க, கொழுப்பில் ஊறிய சதுரக் கயிற்றை வளையங்களாக நறுக்கி ஷாஃப்டைச் சுற்றி அடைத்து, மேலே ஒரு பெரிய பித்தளை நட்டால் அழுத்தி வைத்திருப்பார்கள். மெக்கானிக்குகள் அதைக் கிளாண்டு என்பார்கள். நட்டை முழுக்க இறுக்கக் கூடாது. ஷாஃப்ட் சுற்றும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு ஒழுக வேண்டும். அந்தச் சொட்டுதான் அதைச் சூடேறாமல் காக்கிறது. இன்ஜின் நின்றால் சொட்டும் நின்றுவிடும்.

முதல் வருடம் ஒரு மெக்கானிக் வந்தான். இன்ஜினை மறைத்திருக்கும் ஏணிப்படிகளைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் ஆம்பளைங்க பாக்குற வேலைம்மா, இன்னொரு நாள் ஆளோட வர்றேன்” என்றான்.

“ஆம்பளதான் வந்திருக்க. தொப்பைதான் உள்ள நுழையல” என்றாள் அத்தை.

அவன் பிறகு வரவில்லை. அத்தையே செய்தாள். படகில் இருந்த ஆறு வருடமும் அவளேதான் செய்தாள். வயிற்றை அழுத்திக் குப்புறப் படுத்து, இன்ஜினுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கையை மட்டும் விட்டு, நட்டைத் தளர்த்துவாள். தண்ணீர் பீச்சும். ஈரத்துணியைத் திணித்துக்கொண்டு, வளைத்த சைக்கிள் கம்பியால் பழைய வளையங்களை ஒவ்வொன்றாகக் கொக்கி போட்டு இழுப்பாள். புதுக் கயிற்றைப் பாய் வெட்டும் கத்தியால் சாய்வாக நறுக்கி, ஒரு வளையத்தின் மூட்டு அடுத்ததன் மூட்டுக்கு நேராக வராதபடி மாற்றி மாற்றி வைப்பாள். “தையலுக்கு நேரா தையல் வந்தா கிழியுமா, கிழியாதா?” என்று அந்த இடுக்குக்குள்ளிருந்து குரல் வரும். கடைசியில் இன்ஜினை ஓட விட்டு, சொட்டை எண்ணி, புறங்கையை நட்டின் மேல் வைத்துப் பார்ப்பாள். இளஞ்சூடு இருக்கலாம், சுடக் கூடாது. சரியாக அமைந்ததும் நட்டின் மேலிருந்து பக்கத்து உலோகம் வரைக்கும் சிவப்பு நகச்சாயத்தால் ஒரு கோடு இழுப்பாள். கோடு கோடாக இருக்கும் வரை நட்டு நகரவில்லை என்று அர்த்தம். அவள் விரலில் ஒருநாளும் அந்தச் சாயத்தை நான் பார்த்ததில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இயற்பியல் எடுத்திருந்தேன். அத்தை என்னைப் “பட்டதாரி” என்றுதான் கூப்பிடுவாள். இரண்டாம் வருடத்திலிருந்தே.

நான் தேர்வெழுதி முடித்த வருடத்துச் சோதனைக்குப் படகில் நானும் போனேன். அதற்கு முந்தைய வருடம் அதிகாரி அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்து, அங்கே தேங்கியிருந்த கொஞ்சத் தண்ணீரைக் காட்டி, “என்னம்மா, வீட்டுக்குள்ளேயே கிணறு வெட்டிட்டீங்களா?” என்று கேட்டிருந்தார். கரையில் என்னோடு நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். எனக்குத்தான் முகம் எரிந்தது. வீட்டில் நான் மட்டும் படித்தவள், என் அத்தையின் படகு ஒழுகுகிறது. இந்த இரண்டையும் ஏன் சேர்த்துப் பார்த்தேன் என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

சோதனை நாள் காலையில் அத்தை குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் ஏணிப்படிகளைக் கழற்றி, அவளைப் போலவே குப்புறப் படுத்து, ஸ்பேனரால் நட்டை அரைச் சுற்றுக்கும் மேலே இறுக்கினேன். தேங்கியிருந்த தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தேன். படிகளை மாட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டேன். சொட்டு ஏன் வேண்டும் என்று அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். மூன்று மாதத்துக்கு முன்னால்தான் உராய்வைப் பற்றி நான்கு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். இரண்டில் ஒன்றுகூட என் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. ஒழுகினால் குறை, குறை இல்லையென்றால் நல்லது. அவ்வளவுதான் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

அலைத்தடுப்பைத் தாண்டும்போது அதிகாரி பலகையைத் தூக்கிப் பார்த்தார். “பரவாயில்லையே, சொட்டுகூட இல்ல. பட்டதாரி வந்த நேரம்.”

நான் சிரித்துக்கொண்டேன். அத்தை மேலே சுக்கான் பிடித்திருந்தாள். இன்ஜின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது கருகும் வாசனை வந்தது. துறை வாய்க்குள் நுழைந்துவிட்டோம், இன்னும் ஐம்பது கெஜம்தான். அத்தை சுக்கானை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். படிகளைக் கழற்றி உள்ளே கையை விட்டவள் உடனே இழுத்துக்கொண்டாள். இன்ஜினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சோதனையில் தோல்வி. அந்த ஐம்பது கெஜத்துக்கும் அப்படியே ஓட விட்டாள்.

“என்னம்மா வாசனை?”

“பழைய துணி ஏதோ சார்.”

அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

பக்கத்துப் படகுக்காரரைத் துறையில் எல்லோரும் “தாடி” என்பார்கள். அவர் தாடியை எடுத்துப் பத்து வருடமாகிறது, பேரை எடுக்க முடியவில்லை. மறுநாள் வந்து நட்டைக் கழற்றிப் பார்த்தார். கயிறு கரியாகியிருந்தது. ஷாஃப்டில் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம்.

“யாரும்மா இப்படி இறுக்கினது?”

“நான்தாண்ணே. கை தவறிடுச்சு.”

“உங்க கை தவறாதே.”

அத்தை கரியான கயிற்றைப் பொறுக்கி வாளியில் போட்டாள். நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வாக்கியத்துக்கான இடம் அங்கே காலியாக இருந்தது.

பள்ளம் விழுந்த ஷாஃப்டில் எந்தக் கயிறும் நிற்காது. புது ஷாஃப்ட் வாங்குவது பேச்சிலேயே இல்லை. தாடி ஒரு வழி சொன்னார். இன்ஜினும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் ஒரு கனத்த தகட்டை வைத்தால் ஷாஃப்ட் கொஞ்சம் பின்னால் நகரும், கயிறு பள்ளமில்லாத இடத்தில் உட்காரும். கடல் வற்றும் நேரத்தில் படகைச் சுவரோரம் சாய்த்து வைத்து, மூன்று நாள் தன் வேலையை விட்டுவிட்டு அதைச் செய்து கொடுத்தார். துறையில் அப்படித்தான் வழக்கம். உழைப்புக்கு உழைப்புதான் பதில். அவருடைய படகின் முன்பக்கத்துப் பாய், முன்பாய், ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு நைந்திருந்தது. “மூணு நாளுக்கு ஒரு பாய், புதுசா” என்றாள் அத்தை. “அவசரம் இல்லம்மா” என்றார் அவர்.

தகடு வைத்த பிறகு ஷாஃப்ட் இலேசாக ஆடத் தொடங்கியது. ஆடும் ஷாஃப்ட் கயிற்றைத் தின்றுவிடும். முன்பு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியதை அந்த வருடம் பதினொரு முறை மாற்றினாள். காலையில் எழுந்ததும் பம்பு அடித்துத் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டவ் பற்ற வைப்பாள். அடுத்த சோதனை நாளில் அதிகாரி வந்து நின்றபோது இன்ஜினைக் கிளப்பவே இல்லை.

“எழுதிக்கோங்க சார். போய் வராது.”

“இன்னொரு வாரம் தர்றேன்மா. பாருங்களேன்.”

“பாத்துட்டேன் சார்.”

ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். வாங்க யாரும் வரவில்லை. இரண்டு ஆட்கள் வந்து படகை மேட்டில் ஏற்றி அறுத்தார்கள். அத்தை அதைப் பார்க்கப் போகவில்லை. முந்தின நாளே தையல் மெஷினையும் பாய்த்துணிச் சுருளையும் ஒரு தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். முன்னறையில், என் மேஜைக்குப் பக்கத்தில் படுக்கை. அந்த அறைக்குக் கதவு கிடையாது, ஒரு திரைதான்.

வந்த வாரமே தாடியின் முன்பாயை வெட்டத் தொடங்கினாள். துணி அறை முழுவதும் விரிந்தது.

“அண்ணி, இந்தக் கப்பலைக் கொஞ்சம் நகர்த்துங்க. பெருக்கணும்” என்றாள் அம்மா.

“கப்பல் போயாச்சு. துணியாவது கிடக்கட்டும் விடு.”

அம்மா துணியைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனாள்.

அதன் பிறகுதான் நான் சொன்னேன். வெட்டிய துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல். “அத்தை, அன்னைக்கு நட்டை இறுக்கினது நான்.”

“தெரியும்டி.”

“எப்படி?”

“நகச்சாயக் கோடு ரெண்டா உடைஞ்சு கிடந்துச்சு. நான் உடைச்சா எனக்குத் தெரியாதா?”

“ஏன் ஒண்ணும் கேக்கல?”

அவள் ஊசியில் நூல் கோத்தாள். “கோவம் இருந்துச்சு. ரெண்டு மாசம் உன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல. அப்புறம் பம்பு அடிக்கவே நேரம் சரியாப் போச்சு.” நூலைப் பல்லால் கடித்தாள். “அந்த ஓரத்தை இழுத்துப் பிடி.”

மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் பதில் சொல்லியிருப்பாள். அதனால்தான் நான் கேட்கவில்லை போலிருக்கிறது.

எங்கள் வீட்டில் பதினான்கு மாதம் இருந்தாள். கண் மங்கியது, மூச்சு வாங்கியது, ஒரு நாளைக்கு ஒரு முழம் தைப்பதே பெரிய காரியமானது. ஆறு துண்டில் நான்கை இணைத்திருந்தாள். ஒரு மத்தியானம் அம்மா டீ கொண்டு போனபோது மெஷின் மேல் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து அம்மா டீயை மூடி வைத்துவிட்டு வந்தாள்.

துக்கத்துக்குத் தாடி வந்தார், வாசலோரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். பாயைப் பற்றிப் பேசவில்லை. ஒரு மாதம் கழித்து நான்தான் அந்தத் துணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த துறையிலிருக்கும் பாய்க்கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் விரித்துப் பார்த்தார். பாய் காற்றை வாங்கிப் புடைக்க வேண்டுமென்றால் துண்டுகளின் ஓரம் நேராக இருக்காது, வளைந்திருக்கும். எவ்வளவு வளைவு என்பதற்கு அத்தை அங்கங்கே கறுப்பு நூலால் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். சில இடத்தில் ஒரு முடிச்சு, சில இடத்தில் மூன்று.

“இது அவங்க கணக்கும்மா. எனக்குப் புரியல. நான் என் கணக்குல வெட்டித் தைக்கலாம், ஆனா அவர் படகுக்குப் பத்தாது, குட்டையாப் போயிடும்” என்றார்.

அதை அப்படியே தாடியிடம் போய்ச் சொன்னேன். அவர் நைந்த பாயில் இன்னொரு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். “சரிம்மா” என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பாய் தேவை. சேர்த்த நான்கு துண்டும் சேர்க்காத இரண்டு துண்டும் ஒரு சாக்கில் கட்டி என் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. மூன்று நாள் உழைப்புக்கு என் அத்தை அவருக்குத் தர வேண்டிய முன்பாயை இன்னும் யாரும் தரவில்லை.