முதல் திருப்பிலேயே ஸ்ரார்ட் வந்த கார்

வெள்ளி பின்னேரம். பிராங்போட்டில் ஏறி எட்டரை மணித்தியாலம் பறந்து ரொறன்ரோவில் இறங்கினேன். 1998 ஆவணி. வெளியே வந்தால் வெக்கை நெருப்பாக எரிக்கிறது. கனடா என்றால் பனிதான் என்று நம்பி, தடித்த கோட்டோடு வந்த விசரன் நான் ஒருவன்தான்.

ஸ்காபரோவுக்கு நாற்பத்தைந்து டொலர் என்றார் ரக்சிக்காரர். எங்கடை ஆள்.

“அண்ணை ஜேர்மனியோ? அங்கை ரெயின் ஒரு நிமிசம் பிந்தினாலும் சனம் மணிக்கூட்டைப் பாக்குமாமே?”

“நானும் பாப்பன்,” என்றேன்.

சிரித்துவிட்டு, என்ன விசயமாக வந்தனீங்கள் என்று கேட்டார். தம்பி செத்து ஒரு வருடம், ஆட்டைத் திவசம் என்றதும் றேடியோவை நிறுத்திவிட்டார்.

தம்பி குகன் போன வருடம் வேலைத்தலத்தில் மாரடைப்பு வந்து போய்விட்டான். என் பயணப் பத்திரம் அப்போது கைக்கு வரவில்லை. செத்தவீட்டுக்கு வரமுடியாத தமையன், வருடம் திரும்பி வருகிறேன். மார்க்கம் வீதியில் மூன்றாம் மாடி வீடு. கதவைத் திறந்த அவன் மனைவி சாந்தி, “வாங்கோ அண்ணை,” என்றதோடு சரி. பிறகு அழுகைதான். ஒன்பது வயது மதுரா என் கோட்டைத் தொட்டுப் பார்த்து, “பெரியப்பா, ஆர் யூ கோல்ட்?” என்றாள்.

சாப்பிடும்போது சாந்தி விசயத்துக்கு வந்தாள்.

“அவற்ரை கார் ஒண்டு நிக்குது அண்ணை. பழைய இத்தாலிக் கார். கிழமைக்கு ஒருக்கா ஸ்ரார்ட் பண்ணுறன். இருமிக் கக்கித்தான் வரும். விக்க மனம் வருகுதில்லை. வைச்சிருந்தா நடுறோட்டிலை நிண்டிடுமோ எண்டு பயம். நீங்கள் ஒருக்காப் பாருங்கோ.”

ஸ்ருட்காட்டில் தொழிற்சாலை ஒன்றில் பத்து வருடமாகக் கார் எஞ்சின் பூட்டுகிறவன் நான். தம்பிக்குக் கொள்ளிச்சட்டியோடு நடக்கக் கிடைக்காதவனுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் ஆறுதலாக இருந்தது.

சனி காலை. சிவப்பு நிறம், இரண்டு கதவு. சாந்தி திறப்பைப் போட்டுத் திருப்பினாள். கொக் கொக் என்று இருமியது. நின்றது. மறுபடி இருமி, ஒரு பெருமூச்சு விட்டு, கட்டடமே அதிர உறுமியது. மேலே பல்கனிக்கு ஓடிவந்து மதுரா கையசைத்தாள். எனக்கென்று நினைத்து நானும் அசைத்தேன்.

மேற்கே நாற்பது கிலோமீற்றரில் வூட்பிரிட்ஜ், இத்தாலியரின் இடம். போகும் வழியில் இரண்டு சிவப்பு வெளிச்சத்தில் நின்றுவிட்டது. பின்னால் ஹோன் அடிக்கிறார்கள். “அவருக்கு மட்டும் ஒருநாளும் நிக்காது அண்ணை,” என்றாள் சாந்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

குகன் வேலை செய்த கராஜின் இத்தாலிய முதலாளி வின்ஸ். அறுபது வயது இருக்கும். என்னைக் கட்டிப்பிடித்து இரு கன்னத்திலும் கொஞ்சினார், கூச்சமாகப் போய்விட்டது. பக்கத்துக் கடையில் ஒரு டொலருக்குக் கசந்த கோப்பி வாங்கித் தந்து, பத்திரிகையை விரித்தார். இத்தாலியரின் பேர்போன வேகக் கார்க் கம்பனி ஒன்றை ஜேர்மன்காரர் வாங்கிவிட்டார்களாம்.

“நீ அங்கேயிருந்து வருகிறாய். சொல், எங்கள் கார் அவர்களிடம் உயிரோடிருக்குமா?” அவருடையதும் என்னுடையதும் உடைந்த ஆங்கிலம். அதனால் விளக்கம் குறையவில்லை.

“கட்டாயம் வாழும்,” என்றேன். “கைமாறிக் கைமாறி நொந்துபோன கம்பனி. இனிச் சம்பளம் நேரத்துக்கு வரும், சாமான் வரும். கதவு சரியாகப் பூட்டும். முதல் திருப்பிலேயே ஸ்ரார்ட் வரும்.”

“முதல் திருப்பிலேயே வந்தால் அது எங்கள் காரா?”

“நடுறோட்டில் நின்றால் மட்டும் உங்கள் காரா?”

வின்ஸ் மேசையில் தட்டிச் சிரித்தார். ஆனால் பத்திரிகையை மடித்தபோது முகம் வாடியிருந்தது. “வாழும். நீ சொல்வது சரி,” என்றார். “ஆனால் யார் மாதிரி வாழும்?”

கவிஞர்களோடு கோப்பி குடித்தால் இதுதான் கதி என்று நினைத்தபடி எழும்பினேன். அவருடைய கராஜிலேயே வேலையைத் தொடங்கினேன். பெற்றோலும் காற்றும் கலக்கும் இரண்டு காபரேற்றரையும் கழற்றிக் கழுவி, அளவு சரிசெய்தேன். ஓட்டை விழுந்த சைலன்சரை மாற்றினேன். எண்பது டொலர், வின்ஸ் வாங்க மறுத்துவிட்டார். பின்னேரம் திறப்பைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே வந்தது. தையல் மெசின் மாதிரி ஓடியது. சாந்தி கைகூப்பினாள்.

ஞாயிறு திவசம். ஐயர் வந்து போனார். வின்ஸ் கறுப்புக் கோட்டோடு வந்து கையால் சோறு குழைத்துச் சாப்பிட்டார். சாப்பாடு முடிந்ததும், பிள்ளைக்கு ஒரு சந்தோசம் காட்டுவோம் என்று மதுராவைக் கீழே கூட்டிப்போய்க் காரில் இருத்தி ஸ்ரார்ட் பண்ணினேன்.

அவள் காத்திருந்தாள். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

“ஸ்ரார்ட் பண்ணுங்கோ பெரியப்பா.”

“பண்ணியாச்சு பிள்ளை. எஞ்சின் ஓடுது.”

என்னைப் பார்த்தாள். “உது அப்பா இல்லை,” என்றாள். “அப்பான்ரை சத்தம் எங்கை? வை டிட் யூ ஃபிக்ஸ் இட்?” கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்களே, அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் தெரிந்தது. அந்த இரவு நான் சாப்பிடவில்லை.

திங்கள் முழுக்க வூட்பிரிட்ஜில். பழைய சைலன்சரைத் திரும்பப் பூட்டினோம். சத்தம் வந்தது; இருமல் வரவில்லை. வின்ஸ் காபரேற்றரை அப்படித் திருப்பினார், நான் இப்படித் திருப்பினேன். கார் இருமியது, ஆனால் வேறு யாரோ இருமுவது மாதிரி. குகன் எந்த அளவில் விட்டிருந்தான் என்று யாருக்குத் தெரியும்?

“உன் தம்பிக்கு இதைத் திருத்த அரை நாள் போதும்,” என்றார் வின்ஸ். “ஏன் விட்டுவைத்திருக்கிறாய் என்று கேட்டிருக்கிறேன். வருவது நான்தான் என்று மகளுக்குத் தெரியவேண்டும், பல்கனிக்கு ஓடிவருவாள் என்பான்.”

“ஐயோ, இதைச் சனிக்கிழமை சொல்லியிருக்கக்கூடாதா?”

“பகிடிக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன்,” என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

கடைசியில் சாந்திதான் முடிவெடுத்தாள். “திரும்பவும் நீங்கள் திருத்தினமாதிரியே விடுங்கோ அண்ணை. எனக்கு வேலைக்குப் போகக் கார் வேணும். பிள்ளைக்கு நான் சொல்லுறன்.” திருத்தினேன். இனி இந்தக் கார் பத்து வருடம் ஓடும். கட்டாயம் வாழும் என்று வின்ஸுக்கு நான் சொன்னது பொய்யில்லை.

செவ்வாய் பின்னேரம் பயணம். புறப்படுமுன் மதுரா என் மடியில் வந்து இருந்தாள், கோபம் இல்லை. “நீங்கள் கீழை போங்கோ. நான் பல்கனியிலை நிண்டு கை காட்டுறன்,” என்றாள்.

சாந்தி காரைப் பின்பக்கத்திலிருந்து எடுத்து வாசலில் நிறுத்தினாள். பெட்டியை ஏற்றிவிட்டு மேலே பார்த்தேன். பல்கனியில் யாரும் இல்லை. ஸ்ருட்காட்டில் நான் இருக்கும் தெருவிலும் இப்படித்தான். எந்தக் கார் வந்தது, எது போனது என்று யாருக்கும் தெரியாது. கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சாந்தி மேலே போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்தாள்.

மதுரா பல்கனிக் கதவைத் திறந்துவைத்து, அதனருகிலேயேதான் காத்திருந்தாளாம். கார் வந்ததே தெரியவில்லையாம்.