நாற்பதாவது வீடு

சிங்கப்பூரில் அப்போது ஒருவரைப் பார்க்கப் போவதென்றால் எத்தனையாவது மாடி என்று கேட்டால் மட்டும் போதாது, லிப்ட் எந்த மாடியில் நிற்கும் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் குவீன்ஸ்டவுனில் நான் ஏறி இறங்கிய அடுக்கு வீடுகளில் அது நான்கில் நிற்கும், எட்டில் நிற்கும். ஆறாவது மாடிக்காரர் மீதியை நடந்து தீர்ப்பார். இதைத் தஞ்சாவூருக்கு எழுதியபோது, "பாதி வானத்துல இறக்கி விட்டுடறாங்களா?" என்று அம்மா பதில் கேட்டிருந்தாள்.

நான் ஏறி இறங்கியது ஆனர்ஸ் பட்டத்துக்காக. மூன்றாண்டுப் படிப்பை முடித்த எல்லோருக்கும் அந்த நான்காவது ஆண்டு கிடைத்துவிடாது. நல்ல மதிப்பெண் வேண்டும், பேராசிரியரின் சம்மதம் வேண்டும். சேர்ந்த பிறகு ஓர் ஆய்வேடு எழுதி, அவர் எதிரே உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லி அதைக் காப்பாற்றியாக வேண்டும். புது அடுக்கு வீடுகளுக்குக் குடிவந்த தமிழர்கள்தான் என் ஆய்வுப் பொருள். நாற்பது வீடு, வீட்டுக்கு ஒரு கேள்வித்தாள். ஒன்று குறைந்தாலும் பட்டம் இல்லை. ஆங்கிலேயரான பேராசிரியர் கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். மாணவன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என்னை அதிகாரி என்று நினைத்து ஒருவர் பதில் சொன்னால் அந்தத் தாள் செல்லாது.

முதல் நாள் ஒழுங்காகச் சொன்னேன். நன்கொடை கேட்க வந்தவன் என்று நினைத்துக் கதவுகள் மூடின. மறுநாள் வெள்ளைச் சட்டை, டை, கறுப்புச் சப்பாத்து, கக்கத்தில் ஒரு கோப்பு. "கவர்மெண்டா?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை, புன்னகைத்தேன். புன்னகைக்கு எதிராக விதி எதுவும் இருக்கவில்லை. கதவு திறந்தது, காபியும் வந்தது. அதைக் குடிக்காமல் முதல் கேள்விக்கே போக முடியாது. ஒரு மாலைக்கு ஐந்து வீடு, ஐந்து காபி. எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "எல்லாம் நல்லா இருக்கு சார்."

நாற்பதாவது வீடு ஓர் ஆறாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்த அந்தோணியம்மாள்தான் முதன்முதலாகக் குறை சொன்னவர். துறைமுகத்தில் சரக்குப் பெட்டி விழுந்து அவர் கணவர் சவரிமுத்துவுக்கு இரண்டு கால்களும் போயிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்து ஆட்கள் தூக்கிப் போனார்கள். நாளாக நாளாக வருவதை நிறுத்திவிட்டார்கள்.

"ஆறு மாசமா மண்ண மிதிக்கல சார்," என்றார் சவரிமுத்து கட்டிலிலிருந்து. "நான் என்ன புறாவா லா, இங்கயே குந்திக்கிட்டு இருக்க?"

"நீங்க சும்மா இருங்க," என்று அவரை அதட்டிய அந்தோணியம்மாள், மடித்து வைத்திருந்த ஒரு மனுவை என் கோப்புக்குள் செருகினார். "கீழ் வீடா மாத்திக் கேட்டிருக்கோம். மேல குடுத்துடுங்க தம்பி. உங்க கையால போனா நடந்துடும்."

நான் வெறும் மாணவன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் அவர்கள் காபி இருந்தது. "குடுத்துடறேன்கா," என்றேன்.

அவர்களுடைய தாளைச் சேர்த்தால் அந்த ஒரே குறையைப் பேராசிரியர் நேரில் விசாரிக்கப் போவார், என் அதிகாரி வேஷம் அவருக்குத் தெரிந்துவிடும். அதை எடுத்துவிட்டு, நாற்பதாவது வீட்டை நானே கட்டினேன். அந்த வீட்டுக்காரருக்கு நல்ல கால்கள் கொடுத்தேன். 'காற்று நன்றாக வருகிறது, மிகவும் திருப்தி' என்று அவர் சொன்னார்.

"இத்தனை பேருக்கும் ஒரு குறைகூட இல்லையா?" என்று நேர்முகத்தில் பேராசிரியர் கேட்டார்.

"காபி கொடுத்தபின் விருந்தாளியிடம் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், சார்."

அவர் அதைத் தமிழர் பண்பாடு என்று எடுத்துக்கொண்டு மகிழ்ந்துபோய்க் குறித்துக்கொண்டார். அதிகாரியிடம் குறை சொல்லப் பயந்தார்கள் என்பதை நான் எப்படிச் சொல்வேன்? ஆனர்ஸ் கிடைத்தது. மனு என் பெட்டியின் அடியில் கிடந்தது.

பட்டமளிப்பு முடிந்து, அங்கியோடு சிராங்கூன் சாலையில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். வாசலில் சந்தைக் கூடையோடு அந்தோணியம்மாள்.

"பெரிய ஆபீசர் ஆயிட்டீங்களா தம்பி! எங்க கடுதாசி போயிடுச்சுல்ல?"

"போயிடுச்சுக்கா."

கூடையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து என் கையில் திணித்தார். படம் எடுப்பவர் அவசரப்படுத்தினார். பழத்தை அங்கிக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன்.

ஓராண்டுக்கும் மேலாகிவிட்டது அந்த ஆறாவது மாடிக்கு மறுபடி ஏறுவதற்கு. சட்டைப் பையில் மனு இருந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் கதவைத் திறந்து, "கவர்மெண்டா?" என்றாள். "இல்லை," என்றேன். முன்பு அங்கே இருந்தவர்கள் எங்கே என்று நான் கேட்டு முடிப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

ஸ்டூடியோவில் எடுத்த படத்துக்கு இரண்டு பிரதி போட்டிருந்தேன். ஒன்று தஞ்சாவூர் வீட்டுக் கூடத்தில் இன்னும் தொங்குகிறது. வருகிறவர்களிடம் சிங்கப்பூரில் ஆனர்ஸ் வாங்கியவர் என்று காட்டுகிறார்களாம். இன்னொன்று இங்கே பிடோக் வீட்டில் என் மேசைமேல் இருக்கிறது. இதில் எனக்குத் தெரிவதெல்லாம் அங்கியின் இடப்பக்கப் புடைப்பு ஒன்றுதான்.