பறங்கிக்கா

கடல்வழி கண்டுபிடித்தவன் என்று ஒருவனைப் பற்றி எங்கள் பள்ளியில் பாடம் நடத்தினார்கள். போர்ச்சுகலிலிருந்து கப்பலில் வந்து கள்ளிக்கோட்டைப் பக்கம் இறங்கினானாம். யாரும் தொலைக்காத ஊரை அவன் என்ன கண்டுபிடித்தான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மக்காவிலிருந்து திரும்பிய கப்பலைப் பெண்கள், குழந்தைகளோடு அவன் கொளுத்தியது பாடத்தில் இல்லை. பின்னால் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். கொச்சியில் செத்தான். அவன் எலும்பைக்கூட இங்கே விடவில்லை, கப்பலேற்றி அவன் நாட்டுக்கே கொண்டுபோனார்கள்.

மன்னார்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு அவன் வந்ததில்லை. அவன் கூட்டத்துக்கு இங்கே வைத்த பெயர்தான் வந்தது. பறங்கி. அதை என் அக்கா தலையில் கட்டினார்கள்.

அக்கா பிறவியிலேயே வெள்ளை. முடி, புருவம், இமை எல்லாம் வெளுப்பு. நாங்கள் மற்ற எல்லாரும் கறுப்பு. அவளுக்கு வெயிலில் கண் கூசும், போர்டு தெரியாது. ஆண்டு விழாவில் அந்தக் கப்பல்காரன் நாடகம் போட்டபோது வாத்தியார் அவளைத்தான் அவனாக நிறுத்தினார். பவுடர் செலவு மிச்சம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். அட்டைக் கப்பலிலிருந்து இறங்கி ராஜாவுக்கு வணக்கம் வைத்தாள். கைதட்டினார்கள். அதற்குப் பிறகு யாரும் அவளுக்குக் கைதட்டியதாக எனக்கு நினைவில்லை.

பெயர் ஒட்டிக்கொண்டது. சின்னப் பிள்ளைகள் பறங்கி அக்கா என்பதைப் பறங்கிக்கா ஆக்கினார்கள். அக்கா என்றும் கேட்கும், காய் என்றும் கேட்கும். பொங்கலுக்குப் பறங்கிக்காய் வண்டி வந்தால் தெருவே எங்கள் வாசலைப் பார்க்கும்.

போர்டு தெரியாமல் படிப்பு நின்றது. நடவுக்குப் போனாள். வெயிலே படக்கூடாது என்றார் டாக்டர். நிழலில் நாற்று நடுகிற வயல் எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. முதலில் காதில் புண், பிறகு கழுத்தில். தஞ்சாவூருக்குக் கொண்டுபோனபோது புற்று முற்றியிருந்தது.

எங்கள் பக்கம் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் பெயரோடு 'என்கிற' என்று பட்டப்பெயரையும் போடுவார்கள். இல்லாவிட்டால் செத்தது யாரென்று தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

"எம் பேர மட்டும் போடுடா தம்பி. அந்தக் கருமத்தச் சேத்துராத."

அவள் போன அன்று பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன். எல்லாரையும் வெளுப்பாக்குகிற அந்த ஃப்ளெக்ஸ் கடைக்காரன் அக்காவின் போட்டோவைப் பார்த்து, வெளிறிப்போன படம் என்று நினைத்து, கலரை ஏற்றிவிட்டான். பஸ் நிறுத்தத்தில் கட்டிய பிறகுதான் பார்த்தேன். மாநிறத்தில், அம்மாவின் சாடையில், எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி. அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

மத்தியானம் அரைநாள் நடவுக்கு வந்த பக்கத்து ஊர்ப் பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். வருஷக்கணக்காக அக்காவோடு ஒரே வரிசையில் குனிந்து நட்டவர்கள். ஃப்ளெக்ஸ் முன்னால் நின்றார்கள்.

"யாருடி இது?"

"எந்த ஊருப் பொண்ணோ. பாவம், சின்ன வயசு."

அவர்களுக்கு அக்காவின் சொந்தப் பெயரே தெரியாது. உச்சுக் கொட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் போய்விட்டால், அவளோடு சேற்றில் நின்ற ஒருத்திகூட இல்லாமல் அவளை எடுக்க வேண்டியிருக்கும். பாடை கட்டியாகிவிட்டது.

பின்னாலேயே போய் அவர்களில் மூத்தவளைக் கூப்பிட்டேன்.

"சித்தி, அது நம்ம பறங்கிக்கா."

சித்தி சோற்றுப் பையைக் கீழே போட்டாள். "ஐயோ, பறங்கி" என்று மாரில் அடித்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு ஓடினாள். மற்றவர்களும் அதே பெயரைச் சொல்லி அழுதுகொண்டே அவள் பின்னால் ஓடினார்கள்.