பத்தாவது சொல்

மாடிப்படிகளை எண்ணுவேன். ஜன்னலிலிருந்து தெரியும் ரயிலின் பெட்டிகளை எண்ணுவேன். மாத்திரை டப்பாவை ஆட்டிப் பார்த்தே உள்ளே எத்தனை மிச்சம் என்று சொல்லிவிடுவேன். ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. ஆனால் மனிதர்களை மட்டும் நேரில் எண்ணமாட்டேன். எங்களுக்கு அது ஆகாது.

நாங்கள் யூதர்கள். கொச்சியிலிருந்து ரயில்வே வேலைக்காகக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்த ஒரு குமாஸ்தாவின் பேரன் நான். அவரோடு வந்த வேறு சில குடும்பங்களும் இங்கேயே தங்கிவிட்டன. ரயில்வே குவாட்டர்ஸில் சுற்றிலும் தமிழர்கள் இருந்ததால் என் அப்பா காலத்திலேயே வீட்டில் மலையாளம் போய்த் தமிழ் வந்துவிட்டது. வழிபாட்டுக்கு மட்டும் எபிரேயம். அக்கம்பக்கத்தார் எங்களை ஏதோ ஒரு வகை வேதக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். கீழ்வீட்டு அம்மாள் இன்றைக்கும், "இன்னிக்கு உங்க ஜெபமா அங்கிள்?" என்றுதான் கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். இந்த ஊரில் அதற்கு மேல் விளக்காமல் இருப்பதே நிம்மதி.

ஜெப ஆலயம் என்று தனியாக எதுவும் கிடையாது. எங்கள் வீட்டு முன்னறைதான். பல வருடங்களுக்கு முன், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அந்த அறையில் எங்கள் பிள்ளைகளுக்கு எபிரேய எழுத்தும் வழிபாடும் சொல்லிக்கொடுத்தேன். ஐந்து பையன்கள், ஒரு பெண். எழுதும்போது எண்ணாமல் முடியவில்லை, மன்னிக்கவேண்டும்.

நேரில் ஆட்கள் போதுமா என்று பார்க்க எங்களுக்கு வேறு வழி இருக்கிறது. பத்துச் சொற்கள் கொண்ட ஒரு பழைய வாசகத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே, நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து வரவேண்டும். ஆளுக்கு ஒரு சொல். வாசகம் முடிந்தால் ஆட்கள் போதும். சொல் மிஞ்சினால் போதாது. பத்து எதற்கு என்றால், எங்கள் முக்கியமான ஜெபங்களைப் பத்து ஆண்கள் கூடாமல் சொல்லக்கூடாது. இறந்தவர்களுக்காகச் சொல்லும் கத்தீஷும் அப்படித்தான்.

போன வருடம் என் மனைவி இறந்தாள். அடக்கத்தன்று சொல் மிஞ்சியது. அதன்பிறகும் ஒவ்வொரு முறையும் மிஞ்சியது. அவளுக்காக நான் ஒரு தடவைகூடக் கத்தீஷ் சொல்லவில்லை. ஆண்டு நினைவு நாளன்றாவது சொல்லிவிடவேண்டும் என்று மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே ஆட்களைத் தேட ஆரம்பித்தேன்.

என் மாணவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஸ்ரீ கெம்பாங்கானில் அலுமினிய ஜன்னல் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் தம்பி, சுங்கை வேயில் தொழிற்சாலை இன்ஜினியர், சிங்கப்பூரில் ஒருவன், பண்டமாரானில் இருந்துகொண்டு துறைமுகத்தில் கப்பல் சரக்கு வேலை பார்க்கும் ஒருவன். கிள்ளானில் அந்தப் பெண். எல்லோருக்கும் குடும்பம் ஆகிவிட்டது. கைத்தொலைபேசியில் ஒரு குழு வைத்துத் தினமும் பேசிக்கொள்கிறார்கள். பிள்ளைகளின் பிறந்தநாள் படம், டியூஷன் கட்டணம், யார் வீட்டில் காய்ச்சல், எல்லாம் வரும். பண்டிகை வந்தால் விளக்குப் படங்கள் வரும். ஆட்கள் வருவதுதான் இல்லை. சனிக்கிழமை காலை என்றால் ஒருவன் வீட்டில் பந்து விளையாட்டு, இன்னொருவன் வீட்டில் கூடுதல் வகுப்பு.

அடுத்த தலைமுறையால் கணக்கு நிரம்பும் என்று அந்தக் காலத்தில் நம்பினேன். ஆனால் கல்யாணத்துக்கு எங்களில் பெண்கள் எங்கே இருந்தார்கள்? தமிழ்ப்பெண், சீனப்பெண் என்று கட்டிக்கொண்டார்கள். நல்ல பெண்கள். எங்கள் விதியில் தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதன். ஸ்ரீ கெம்பாங்கான் அண்ணனுக்கு என்னைவிட உயரமாக இரண்டு பையன்கள், அவர்கள் சேரமாட்டார்கள். கிள்ளான் பெண்ணின் பிள்ளைகள் விதிப்படி எங்களவர்கள். ஆனால் இரண்டும் பெண்கள். பையன் இருக்கும் வீட்டில் தாய் வேறு; தாய் சரியாக இருக்கும் வீட்டில் பையன் இல்லை.

சிங்கப்பூர்க்காரன் ஒரு யோசனை சொன்னான்.

"சார், ஸூம்ல போட்டுறலாம் லா. மெல்பர்ன்ல இருக்கற எங்க சித்தப்பாகூட சேந்துக்குவாரு."

"திரையில தெரியறவன் கணக்குல வரமாட்டான்."

"கோவிட் நேரத்துல எல்லாரும் அப்படித்தானே செஞ்சாங்க?"

"செஞ்சாங்க. நான் செய்யல."

"சரி சார், கோவப்படாதீங்க. பஸ் புக் பண்றேன்."

என் மாணவர்கள் ஐவர், நான், என் மைத்துனர். மிச்சம் மூன்று. கோலாலம்பூரில் ஒப்பந்த வேலைக்கு வந்திருந்த மூன்று வெளிநாட்டு யூதர்களைச் சுங்கை வே இன்ஜினியர் எங்கோ பிடித்துவிட்டான். முதல் தடவையாக வாசகம் முழுதாக முடியும் என்று தெரிந்தது. அன்றைக்கு இரவு எழுந்து எழுந்து மாத்திரை டப்பாவை ஆட்டிப் பார்த்தேன். சந்தோஷமும் பயமும் எனக்கு இப்போதெல்லாம் ஒரே மாதிரிதான் வருகின்றன.

குழுவில் நானே எழுதினேன்: "வரும் வியாழன் ஆன்டியின் ஆண்டு நினைவு. பொழுது சாயும் முன் வந்துவிடுங்கள்."

எங்களுக்கு நாள் என்பது முந்தின மாலை சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும். வியாழன் என்றால் புதன் மாலை. வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். எல்லோரும் கட்டைவிரல் படம் போட்டார்கள். பண்டமாரான்காரன் இரண்டு போட்டான்.

புதன் மதியமே வேலையைத் தொடங்கினேன். ஜெபத்துக்கு வேண்டிய திராட்சை ரசத்துக்காக உலர்திராட்சையை வேகவைத்துப் பிழிந்து வடிகட்டினேன். முட்டையும் கொண்டைக்கடலையும் அவித்தேன். துக்கத்துக்கு உருண்டையான பண்டம்தான் வைப்போம். கண்ணாடிக் கிளாஸில் தண்ணீரும் எண்ணெயும் ஊற்றித் திரி போட்டு, சூரியன் மறையும் முன் ஏற்றினேன். மறுநாள் சூரியன் மறையும்வரை எரியவேண்டும். மழை வந்துவிடுமோ, ஃபெடரல் ஹைவேயில் ஜாம் ஆகிவிடுமோ, லிஃப்ட் நின்றுவிடுமோ என்று மாறி மாறிக் கவலைப்பட்டேன். எதுவும் ஆகவில்லை. ஒவ்வொருவராக வந்தார்கள். கிள்ளான் பெண்ணும் இரண்டு மகள்களோடு வந்து, வந்த உடனே சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

நான் வாசகத்தைச் சொல்லிப் பார்த்தேன். கடைசிச் சொல் மிஞ்சியது.

"பண்டமாரான் பாஸ் இன்னும் வரல," என்றான் ஸ்ரீ கெம்பாங்கான் தம்பி. "அவன் கல்யாணத்துக்கே லேட்டா வந்தவன். பொறுங்க."

பொறுத்தோம். நான் அவனுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. கப்பல் வந்திருந்தால் வேலை முடியும்வரை போனைத் தொடமாட்டான் என்றார்கள். இருட்டியது. வெளிநாட்டுக்காரர்கள் மரியாதையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு மறுநாள் காலை பினாங்கில் வேலை. சிங்கப்பூர்க்காரனுக்கு இரவு பஸ்.

"சார், கதவையே பாத்துக்கிட்டு இருந்தா கழுத்து புடிச்சுக்கும்," என்றாள் கிள்ளான் பெண். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "இந்த வீட்ல பெரியவங்களே பத்துப் பேர் இருக்கோம். ஆனா ஒம்போதுதான்."

வகுப்பில் எல்லோரையும்விட நன்றாக வாசித்தவள் அவள். என் மனைவியின் கடைசி மாதங்களில் வாரம் தவறாமல் வந்து அவளுக்குத் தலை வாரிவிட்டவள். வேறு ஊர்களில் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். என் அப்பா சேர்க்கவில்லை. நான் மாற்றினால் அது நான் செய்தது ஆகிவிடும். மாற்றாவிட்டாலும் நான் செய்ததுதான்.

"சார வுடு. சும்மாவே பிரஷர்," என்றான் ஸ்ரீ கெம்பாங்கான் அண்ணன்.

"நான் என்ன சொன்னேன்? எண்ணிக்கைதானே சொன்னேன்."

"அதத்தான் சொல்லக் கூடாது."

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்திருக்கவேண்டும். தனியாகச் சொல்லக்கூடிய ஜெபங்களை மட்டும் அவரவர் வாய்க்குள் சொன்னோம். கத்தீஷ் வரும் இடத்தில் எல்லோரும் சற்று நின்றார்கள், ரயில் நிற்காத ஸ்டேஷனில் நிற்பது போல. பிறகு முட்டையைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அவள் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

வியாழன் பகலும் என் மனைவியின் நாள்தான். ஆனால் வேலை நாளில் பகலில் யாரைக் கூப்பிடுவது? காலையில் பண்டமாரான்காரனிடமிருந்து செய்தி வந்தது. "சார், நேத்து கூப்பிட்டிருக்கீங்க. கப்பல் வேலைல மாட்டிக்கிட்டேன். ஞாபகப்படுத்தத்தானே? மறக்கல. இன்னிக்குச் சாயங்காலம் குடும்பத்தோட கரெக்டா வந்துடுவேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. பதில் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். நேற்றே முடிந்தது என்று எழுதலாம். எழுதி என்ன ஆகப்போகிறது? அவன் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டையைக் கழற்றி நல்ல சட்டை போட்டு அழைத்துவரத் திட்டம் போட்டிருப்பான். "வா" என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக நேரத்துக்கு முன்பே வந்தான். மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு பெரிய பாத்திரம். வாசலிலேயே எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள்.

"நான்தான் ஃபர்ஸ்ட்டா சார்? பாத்தீங்களா? எப்பப் பாரு லேட்டுன்னு திட்டுவீங்கள்ல?"

"உக்காரு," என்றேன்.

அவன் மனைவி காப்பாரில் பிறந்த தமிழ்ப்பெண். நூடுல்ஸ் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "முட்டை போட்ட மீ கோரெங் அங்கிள், வேற எதுவும் சேக்கல. முட்டையில ரத்தப் பொட்டு இருந்தா ஆகாதுன்னு இவங்க சொல்லியிருக்காங்க. ஒவ்வொண்ணா கிளாஸ்ல உடைச்சுப் பாத்துத்தான் போட்டேன். ரெண்டத் தூக்கிப் போட்டுட்டேன்."

என் மனைவியும் அப்படித்தான் பார்ப்பாள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து.

வெளியே ரயில் நிலையத்தின் பக்கம் வானம் சிவந்து அடங்கிக்கொண்டிருந்தது. அலமாரி மேல் இருந்த விளக்கு ஒரு முறை தாழ்ந்து எழுந்து, அணைந்துவிட்டது.

"சார், விளக்கு அணைஞ்சிருச்சு. எண்ணெய் ஊத்தி ஏத்தட்டுமா? மத்தவங்க வர நேரம்."

"வேணாம். இருக்கட்டும்."

அவன் கை கழுவச் சமையலறைக்குப் போனான். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. அவன் வெளியே வரவில்லை. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த அத்தனை டம்ளர்களையும் பார்த்துக்கொண்டு, ஈரக் கையோடு நின்றான்.

"நேத்து வந்தாங்களா?"

"ஆமாம்."

"எல்லாரும்?"

"எல்லாரும்."

"பொழுது சாஞ்சதும்தான் நாள் தொடங்கும்," என்றான், பாடம் ஒப்பிப்பது போல. "சார் சொல்லிக் குடுத்த மொதப் பாடம். தப்பா சொன்னதுக்கு ஸ்கேலால அடி வாங்கினேன்." குழாயைத் திறந்தான், மூடினான். "எத்தனையாவது சொல்லு மிஞ்சிச்சு சார்?"

"கடைசி."

அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. முன்னறையிலிருந்து அவன் மனைவி, "என்னங்க, என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. தட்டு எடுத்து வை."

பிறகு கேட்டான்: "இப்ப நம்ம ரெண்டு பேரும் மட்டும் நின்னு சொன்னா?"

"கூடாது."

"தெரியும் சார். சும்மா கேட்டேன்." கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கைத்தொலைபேசியை எடுத்தான். "அடுத்த வருஷம் என்ன கிழமை?"

எங்கள் நாட்காட்டி நிலாக் கணக்கு. தேதி இடம் மாறும். மனதுக்குள் கூட்டிப் பார்த்து, செவ்வாய் என்றேன்.

"அப்ப திங்கக்கிழமை சாயங்காலம்."

"ஆமாம்."

அலாரம் வைத்தான். ஒன்று போதாது என்று இன்னொன்றும் வைத்தான். வெளிநாட்டுக்காரர்கள் மூவரின் ஒப்பந்தமும் இந்த வருடக் கடைசியோடு முடிகிறது என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் மனைவி எனக்கு முதலில் பரிமாறினாள். பிள்ளைகள் ஜன்னலருகே நின்று ரயில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். சத்தமாக எண்ணினார்கள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.