டிங்கிரிக்கு விரித்த சாக்கு

அப்பாவும் நானும் அரநாயக்க பஸ்ஸுக்கு நின்ற இடத்தில், படுக்கையும் அடுப்பும் வைத்த வேன் ஒன்று வந்து நின்றது. கொழும்பிலிருந்து மலையில் கூடாரம் போட்டுத் தங்க வந்த தம்பதி. கதவு திறந்ததும் நனைந்த நாய் வாடை அடித்தது. மெத்தையில் இரண்டு நாய்கள் படுத்திருந்தன.

மழைநாளில் எங்கள் நாய் டிங்கிரியிடமும் இதே வாடைதான். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது ரப்பர் தோட்டத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு மாறினோம். லொறியில் அம்மி ஏறியது, கோழிக்கூடை ஏறியது, ஆடுகூட ஏறியது. டிங்கிரியை மட்டும் பழைய லயத்து வீட்டுத் தூணில் கட்டினார் அப்பா.

"அழாத பாப்பா. அடுத்த லொறியில வரும்."

நம்பினேன். புது லயத்து வாசலில் அதற்குச் சாக்கு விரித்து, என் ரொட்டியில் பாதியை வைத்துக் காத்திருந்தேன். ரொட்டியைக் கோழிகள் கொத்தித் தின்றன. அந்தத் தோட்டத்தில் நாய் வளர்க்க விடமாட்டார்கள் என்பது என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த லொறி என்று ஒன்றை அப்பா வாடகைக்குப் பேசவேயில்லை.

இப்போது அவர் வேனுக்குள் கைநீட்டி ஒரு நாயின் காதைத் தடவிக்கொடுத்தார்.

"போற எடமெல்லாம் கூட்டிட்டே போறாங்க பாத்தியா? நல்ல மனசு" என்றார். "நாமதான் ஒரு நாய்கூட வளத்ததில்ல."